நிறுத்தினால் கிளம்பாத பெல்ட்

சொர்ணலதா இடது கையால் சாப்பிடத் தொடங்கியதிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துச் சாப்பிட்டார்கள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அவள் அடுப்படிச் சுவரைப் பார்த்து உட்காருவாள். அக்கா தேவயானி வாசல் நிலைப்படியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்ப்பாள். தேவயானியின் கணவன் சூரியபிரகாஷ் டிவியைப் பார்ப்பான். டிவி பெரும்பாலும் அணைந்திருக்கும்.

தை பிறந்தும் குளிர் விடவில்லை. மேற்கு மலையிலிருந்து இறங்கிய காற்று, வெயில் வந்த பிறகும் காமயகவுண்டன்பட்டித் தெருக்களிலேயே கிடந்தது. முந்தின நாள் கருவாட்டுக் குழம்பைச் சுட வைத்துப் பழைய சோற்றுக்கு ஊற்றியிருந்தாள் தேவயானி. சொர்ணலதா ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"யக்கா."

"என்னடி, உப்புக் கொறச்சலா?"

"உப்பெல்லாம் இருக்கு. நேத்து பஞ்சம்மாக்கா வந்துச்சுல்ல. மில்லுல புது டிரம்மு மாட்டப் போறாகளாம். மாட்டி முடிச்சதும் சுவிச்சுப் பொட்டிக்கிட்ட ஒரு ஆளு ஒக்காரணுமாம். என்னைய வரச் சொல்லி முதலாளி சொல்லி விட்ருக்காக."

தேவயானி தெருவைப் பார்த்தபடியே இருந்தாள். ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நீ என்ன சொன்ன?"

"வாரேன்னு சொல்லிட்டேன்."

"கூறோடதான் பேசுறியா? அது எந்த எடம்னு தெரியும்ல?"

"தெரியாம என்ன. என் கையி அங்கனதான போச்சு."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. குடையை மறந்து வைத்துவிட்டு வந்த இடத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அந்த மில்லு வாசல நீ மிதிச்சா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். கம்பத்துல எங்கிட்டாச்சும் ஒரு ரூம் பாத்துக்கிட்டுப் போயிருவேன். ஒம் மச்சாங்கிட்டயும் சொல்லிரு."

மச்சான் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஐப்பசியிலிருந்து இப்படித்தான். புருசனிடம் சொல்ல வேண்டியதைத் தேவயானி தங்கச்சியிடம் சொல்வாள்.

"மச்சான், அக்கா சொன்னது கேட்டுச்சா?"

"ம்."

"நீங்க என்ன சொல்றீக?"

சூரியபிரகாஷ் தட்டை வழித்தான். "டிரம்மு இன்னும் வரல. இன்னைக்குக் கம்பம் போயி பாய் கடையில பேசணும்," என்றான்.

"பாரு, நீ கேட்டதுக்குப் பதிலு," என்றாள் தேவயானி, தெருவிடம்.

"நான் என்னக்கா செய்யட்டும்? பழம் வெட்ட ரெண்டு கை வேணும். ஏனம் வெளக்க ரெண்டு கை வேணும். தலை பின்னிக்கிற ஒன்னையக் கூப்புட வேண்டியிருக்கு. சுவிச்ச அமுக்க ஒரு வெரலு போதும்." அவள் மறுபடி ஸ்பூனை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். "இந்தச் செவத்துல எங்கன எங்கன வெடிப்பு இருக்குன்னு எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு."

தேவயானி முன்பு அதே மில்லில்தான் வேலை பார்த்தாள். தங்கச்சியின் கை போன பிறகு நின்றுவிட்டு, இப்போது திராட்சைத் தோட்டங்களுக்குப் பழம் வெட்டப் போகிறாள். சூரியபிரகாஷ் மில்லின் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர். அவன் நிற்கவில்லை.

இந்த வீட்டில் யார் யாரோடு ஏன் பேசுவதில்லை என்று தெரிய வேண்டுமானால், அந்த மில்லின் பெல்ட் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். கஷ்டமான விஷயம் இல்லை.

ஊருக்கு வெளியே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் நார் மில் அது. தேங்காய் உரித்த மட்டைகளை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டுவார்கள். தண்ணீர் தெளித்து ஊறவிட்ட மட்டையை மெஷினுக்குள் போட்டால், அது அடித்துப் பிரித்து நாரை ஒரு பக்கமும் தூளை ஒரு பக்கமும் தள்ளும். மெஷினின் வாய் உயரத்தில் இருக்கிறது, மட்டை தரையில் கிடக்கிறது. இடையில் ஒரு ரப்பர் பெல்ட் சரிவாக ஏறுகிறது. பெண்கள் கீழே இரண்டு பக்கமும் நின்று மட்டையை அள்ளி அதன்மேல் போடுவார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு.

பெல்ட் என்பது ஒட்டி வளையமாக்கிய நீளமான ரப்பர் பட்டை. இரண்டு முனையிலும் இரண்டு இரும்பு உருளைகள் அதைத் தாங்குகின்றன. டிரம் என்று இவற்றைத்தான் சொல்கிறார்கள். மேலே மோட்டாரோடு சேர்ந்தது ஹெட் டிரம். கீழே, பெண்கள் நிற்கும் பக்கம் இருப்பது டெயில் டிரம். அதற்கு மோட்டார் கிடையாது, பெல்ட் ஓடினால் கூடவே சுற்றும். சைக்கிளில் செயினுக்குக் கண்ணியும் சக்கரத்துக்குப் பல்லும் இருக்கின்றன. இங்கே அப்படி எதுவும் இல்லை. மேல் டிரம்மின் தோலுக்கும் பெல்ட்டின் அடிவயிற்றுக்கும் இடையே இருக்கிற பிடி ஒன்றுதான் அத்தனை மட்டையையும் மேலே இழுக்கிறது. எண்ணெய்க் கையோடு கிணற்றுக் கயிறு இழுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிடி எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

பிடி வேண்டும் என்பதற்காக டிரம்மின் மேல் ரப்பர் ஒட்டுவார்கள். அந்த ரப்பரில் சாய்சதுரமாகக் கோடு கோடாய்ப் பள்ளம் வெட்டியிருக்கும். ஈரம் வந்தால் தண்ணீர் பள்ளத்தின் வழியே ஓடிவிடும், மீதி ரப்பர் பெல்ட்டைக் கவ்விக்கொள்ளும். இந்த மில்லின் ஹெட் டிரம் வெறும் இரும்பு. தேனிக்குப் போகிற வழியில் மூடிப்போன ஒரு கல் கிரஷரில் கழற்றிப் போட்டிருந்ததை சூரியபிரகாஷ்தான் பார்த்துப் பேசி வாங்கி வந்தான். பல வருசம் ஓடி, கன்னம்போல வழவழப்பாகியிருந்தது. "கல்லத் தூக்குன டிரம்மு மட்டையத் தூக்காதாக்கும்?" என்றார் முதலாளி விஜயபாண்டி. சூரியபிரகாஷும் அப்படித்தான் நினைத்தான். தூக்கவும் செய்தது, ஓடிக்கொண்டிருக்கும்வரை.

நின்றால்தான் வம்பு. ஓடுகிற பாரத்தைத் தொடர்ந்து ஓட வைப்பது வேறு, நின்ற பாரத்தைக் கிளப்புவது வேறு. கம்பத்திலிருந்து எஸ்டேட்டுக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை எடுக்கும்போது சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். இங்கேயும் அதுதான். மட்டையோடு பெல்ட் நின்றுவிட்டால், சுவிட்சைப் போட்டதும் மேல் டிரம் சுற்றும், பெல்ட் அசையாது, ரப்பர் தீய்ந்த நாற்றம் வரும். பிடி கிடைக்கட்டும் என்று குங்கிலியப் பொடியை டிரம்மில் தூவிப் பார்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் பெண்கள் சரிவில் ஏறி, பாதி மட்டையைக் கையால் தள்ளி இறக்கி, பெல்ட் கிளம்பிய பிறகு மறுபடி அள்ளிப் போட வேண்டும். இடுப்பு ஒடிந்துவிடும்.

அதனால் அங்கே ஒரு பழக்கம் உண்டாயிற்று. யாரால் பெல்ட் நிற்கிறதோ அவள் அன்று சாயங்காலம் எல்லோருக்கும் வடை வாங்கித் தர வேண்டும். விளையாட்டாக வந்த பழக்கம். "இன்னைக்கு யாரு வடை?" என்று காலையிலேயே கேட்டுச் சிரிப்பார்கள். நிறுத்தச் சொல்லிக் கத்த வாயெடுத்தவள், மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வாள். அந்தப் பழக்கத்தைத் தொடங்கியது தேவயானி. வரிசையில் வாய்த்துடுக்கானவள் அவள்தான்.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்த வாரத்தில் அது நடந்தது. டெயில் டிரம் ஒரு தண்டில் சுற்றுகிறது. தண்டின் நுனி பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. டிரம்முக்கும் பேரிங்குக்கும் நடுவில் கொஞ்சம் தண்டு வெளியே தெரியும். மட்டையிலிருந்து உதிர்கிற நார் அங்கே போய்ச் சுற்றும். சுற்றச் சுற்றத் தடித்து, பேரிங்கை நெருக்கிச் சூடாக்கும், புகைய வைக்கும். ஆகவே அவ்வப்போது நாரை எடுத்தாக வேண்டும். நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஓடும்போதே எடுக்கவும் எல்லோருக்கும் தெரியும். வளைத்த கம்பியால் கொத்தாக இழுப்பார்கள். கம்பி எட்டாவிட்டால் விரலை விடுவார்கள். கயிறாகப் போகிற நார் அறுவதில்லை. விரலில் ஒரு சுற்று விழுந்தால் தண்டு இழுக்கும். தண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பெல்ட் டிரம்மின்மேல் ஏறுகிற இடுக்கு.

சுவிட்சு மேலே மோட்டார் பக்கம் இருந்தது. கீழே கத்தினார்கள். சூரியபிரகாஷ் ஓடிப்போய் அமுக்கினான்.

தேனி ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது சொர்ணலதா அக்காவிடம் சொன்னாள்: "முந்துன நாளும் நாந்தான வடை வாங்குனேன். இன்னைக்கும் நீயாடின்னு கேப்பீகளேன்னு பாத்தேங்க்கா." குற்றம் சொல்கிற குரல் இல்லை. மயக்க மருந்தின் குரல். தேவயானி அப்போதும் அழவில்லை, பிறகும் அழவில்லை. ஊருக்கு வந்து புருசனிடம், "அந்த மொட்ட டிரம்ம வாங்கிட்டு வந்தது நீங்கதான?" என்று கேட்டாள். அவன் ஆமாம் என்றான். அதோடு பேச்சு நின்றது.

அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, டிரம்முக்கு மூடி போடாமல் பெல்ட்டை ஓட்டக்கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். பெண்கள் பலகையில் ஏறிக் கூடையால் மட்டை சுமந்தார்கள். மெஷின் பாதி நேரம் பட்டினி கிடந்தது. இப்போதுதான் முதலாளிக்குப் புது டிரம் வாங்க மனசு வந்திருக்கிறது.

கம்பத்தில் ஜெய்லானியின் பேரிங் கடைக்கு சூரியபிரகாஷ் போனபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கடைக்குள் கிரீஸ் வாசனையும் புது ரப்பர் வாசனையும் கலந்து கிடந்தன.

"வா மாப்ள. ஒக்காரு. ஒனக்கு டீயா, இல்ல மூஞ்சிக்குத் தகுந்த மாதிரி கசாயம் சொல்லவா?"

"டீ போதும் பாய்."

"கொழுந்தியா எப்பிடி இருக்கா?"

"இருக்கா. வெரலு மரத்துப்போன மாதிரி இருக்குங்கிறா."

"எந்த வெரலு?"

"இல்லாத வெரலு."

ஜெய்லானி கொஞ்ச நேரம் கல்லாவின் மேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, வேலையப் பேசுவோம்," என்றார். "பெல்ட்டு அதே பெல்ட்டுத்தான?"

"அதே தான்."

"அப்ப டிரம்மு பெல்ட்ட விட அகலமா இருக்கணும். ரெண்டு பக்கமும் கொஞ்சம் எடம் விட்டு. நீ கிரஷர்ல புடிச்சுட்டு வந்தியே, அது பெல்ட்டுக்குச் சரிக்குச் சரி. செத்த ஒதுங்குனா வெளிம்பு போயி சட்டத்து ஆங்கிள்ல ஒரசும்."

"ஒரசத்தான் செஞ்சுச்சு."

"விட்டமும் பாரு. செலவு கொறையுதுன்னு சின்ன டிரம்மு போட்டா பெல்ட்டு மடங்கி மடங்கி உள்ள இருக்கிற துணி வேற ரப்பர் வேறன்னு பிரிஞ்சுரும். ஒங்க மொதலாளி அதக் கேப்பாரு, சின்னதா இல்லையான்னு. இல்லைன்னு சொல்லிரு. நடுவுல லேசா வயிறு வச்சது கேக்குறியா?"

"டெயிலுக்கு மட்டும்."

டிரம்முக்கு வயிறு என்பது வேடிக்கையான சங்கதி. உருளையின் நடுப்பகுதியைக் கண்ணுக்குத் தெரியாத அளவு பெருக்க வைத்துக் கடைவார்கள். சறுக்கி விழும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பெல்ட் எப்போதும் பெருத்த பக்கம் நோக்கித்தான் ஏறும். அதனால் நடுவில் பெருத்திருந்தால் நடுவிலேயே நிற்கும். இதே காரணத்தால்தான், ஈரத் தூள் டிரம்மின் ஒரு பக்கம் அப்பிக்கொண்டால் அந்தப் பக்கம் பெருத்து, பெல்ட் அங்கே ஒதுங்கிவிடுகிறது. பெல்ட்டைக் குறை சொல்வார்கள். டிரம்மைச் சுரண்டினால் சரியாகிவிடும்.

"டெயிலுக்கு றெக்க வச்ச டிரம்மு இருக்கு," என்றார் ஜெய்லானி. "முழு உருளை கெடையாது, பட்ட பட்டையா இருக்கும். மட்டச் சில்லு உள்ள விழுந்தா நசுங்காம இடுக்கு வழியா வெளிய போயிரும். ஆனா சும்மா மாட்டுனா பெல்ட்ட டபடபன்னு அடிக்கும். அது மேல ஸ்பிரிங் மாதிரி ஒரு பட்டையச் சுத்தி வெல்டு வச்சுத் தாரேன். சில்லையும் தள்ளும், அடிக்கவும் அடிக்காது. ஒண்ணு மட்டும் சொல்றேன். கையி கிட்ட போச்சுன்னா இது பழசை விட மோசம். கூண்டு போடாம ஓட்டக் கூடாது."

"கூண்டு நானே அடிக்கிறேன். தண்டுக்கு மேல ஒரு பைப்பு மாட்டணும் பாய். சுத்தாத பைப்பு. நார் அதுல படட்டும். பேரிங் பக்கம் போகக் கூடாது."

"முழுசா நிக்காது."

"தெரியும். கொறையும்."

"ஹெட்டுக்கு ரப்பர் ஒட்டுனதுதான?"

"ஆமா. கோடு வெட்டுனது."

டீ வந்தது. ஜெய்லானி தன் டம்ளரை எடுக்காமல் கேட்டார். "கேக்கக் கூடாதுதான். அன்னைக்கே ஒங்கிட்டச் சொன்னேன்ல மாப்ள, மொட்ட டிரம்மு ஈரத்துக்கு ஆகாதுன்னு. இருக்கிற டிரம்முக்கே ரப்பர் ஒட்டித் தாரேன்னு கூடச் சொன்னேன்."

"சொன்னீக."

"பெறகென்ன?"

"ஓடிக்கிட்டுத்தான பாய் இருந்துச்சு," என்றான் சூரியபிரகாஷ்.

டீயில் ஆடை படிந்துவிட்டது. அதை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தான்.

டிரம்கள் வந்து இறங்கியதும் மில்லில் வேலை தொடங்கியது. வெல்டர் சுருளி கூட நின்றான். பழைய டெயில் டிரம்மைக் கழற்றி உருட்டி வேப்பமரத்தடியில் போட்டார்கள். கை போன அன்றைக்கே அதைத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள். தண்டில் சுற்றிய நார் அப்படியே இருந்தது. கழுவிக் காய்ந்ததில் வெளுத்து, விற்பனைக்குக் கட்டி வைத்த நார்போலச் சுத்தமாக இருந்தது. சுருளி அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து பீடி குடித்தான்.

டிரம் மாட்டுவதில் அவசரம் கூடாது. சூரியபிரகாஷ் அவசரப்படுகிற ஆளும் இல்லை. முதலில் சட்டத்தின் நடுவே மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்தான். டிரம்மின் தண்டு அந்த நூலுக்கு நேர் குறுக்காக உட்கார வேண்டும். விரல்நுனி அளவு கோணினாலும் பெல்ட் ஒரு பக்கம் நடந்து போய்விடும். பிறகு ரசமட்டத்தைத் தண்டின்மேல் வைத்து, தாழ்ந்த பக்கத்துப் பேரிங்குக்கு அடியில் தகரத் துண்டு கொடுத்து உயர்த்தினான். மறுபடி நூல். மறுபடி மட்டம். ஒன்றைச் சரி செய்தால் மற்றது கொஞ்சம் கலையும்.

"போதும்ணே, இதுக்கு மேல கட்டுன பொண்டாட்டியக் கூட எவனும் இப்பிடிப் பாத்ததில்ல," என்றான் சுருளி.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். சூரியபிரகாஷ் காதில் விழாதவன்போல அடுத்த போல்ட்டுக்குப் போனான். சுவிட்சுப் பெட்டியை மேலேயிருந்து கழற்றி, கீழே டெயில் டிரம்முக்கு எதிரில், அங்கே உட்காருகிறவர் கண்ணில் எல்லோரும் படுகிற இடத்தில் கம்பம் நட்டு மாட்டினான். டிரம்மைச் சுற்றிக் கம்பி வலையால் கூண்டு. நார் எடுக்க ஒரு சின்னக் கதவு. முதலாளி வந்து பார்த்தார்.

"இம்புட்டு வேலப்பாடு வேணுமாப்பா?"

"வேணும்."

"சொர்ணம் வருதுல்ல? வந்தா நல்லாருக்கும். ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுறான்."

சூரியபிரகாஷ் ஸ்பேனரைத் துடைத்து வைத்தான்.

பெல்ட் ஓடுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம், சொர்ணலதா தெருக் குழாய்க்குப் போயிருந்தபோது, தேவயானி புருசனுக்கு ரசம் ஊற்றினாள். ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றாள். அவள் நேராகப் பேசி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"நீங்க ஒரு வார்த்த சொல்லலாம்ல, போகாதன்னு."

"சொன்னாக் கேப்பாளா?"

"டிரம்ம வாங்குனது நீங்க. மாட்டுனது நீங்க. போல்ட்ட இறுக்குனது நீங்க."

"ஆமா."

"எல்லாத்துக்கும் ஆமான்னா? என்னைய எதுவும் கேக்க மாட்டீகளா?"

அவன் சோற்றைப் பிசைந்தான்.

"வடைன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. அதத்தான மனசுல வச்சிருக்கீக. நெசமாத்தான் சொல்றேன், சொல்லிருங்க. நீயும்தான்டின்னு சொல்லிருங்க."

"ரசம் ஆறுது," என்றான்.

தேவயானி அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போனாள். சொர்ணலதா குடத்தோடு வந்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்த குடத்தைத் தானே இறக்கி வைத்தாள். தண்ணீர் தளும்பித் தரையெல்லாம் ஆனது. யாரும் துடைக்கவில்லை.

மறுநாள் தேவயானி வெள்ளனவே தூக்குவாளியோடு திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது துணிப்பை ஒன்றும் தோளில் இருந்தது. அதில் மாற்றுச் சேலை இருப்பது தெரிந்தது. சொர்ணலதா வலது சட்டைக் கையை மடித்து ஊக்குக் குத்திக்கொண்டு, மச்சானின் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து மில்லுக்குப் போனாள்.

பெண்கள் அவளைச் சுற்றி வந்தார்கள். பஞ்சம்மாள் அவள் கன்னத்தைத் தடவினாள்.

"ஆத்தா, எளச்சுட்டியே. சாப்புடுறியா இல்லையா?"

"சாப்புடுறேன்க்கா. மெதுவாச் சாப்புடுறேன்."

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்தினார்கள். சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அவள் போய் உட்கார்ந்தாள். பச்சைப் பித்தான், சிவப்புப் பித்தான். இரண்டும் இடது பக்கம் எட்டும்படி சூரியபிரகாஷ் பெட்டியை மாட்டியிருந்தான்.

"நிறுத்தி வச்சபடியே மட்டைய அடுக்குங்க," என்றான் சூரியபிரகாஷ். "மேல வரைக்கும். நெறைய."

"ஏய்யா, வெளையாடுறியா?" என்றாள் பஞ்சம்மாள். "கெளம்பாட்டி எறக்குறது எங்க இடுப்பு."

"கெளம்பும்."

முனகிக்கொண்டே அடுக்கினார்கள். சரிவு முழுக்க ஈர மட்டை. பெல்ட் நடுவில் தொய்ந்து, இடையில் தாங்கும் சின்ன உருளைகளின் மேல் படுத்தது. சூரியபிரகாஷ் மேலே ஏறி ஹெட் டிரம் பக்கத்தில் நின்றுகொண்டு கையைக் காட்டினான்.

சொர்ணலதா பச்சையை அமுக்கினாள்.

மோட்டார் ஒரு நொடி முனகியது. அவ்வளவு மட்டையும் ஒன்றாக அசைந்து ஏறத் தொடங்கியது. தீய்ந்த நாற்றம் இல்லை, குங்கிலியம் இல்லை. முதல் மட்டை மெஷினுக்குள் விழுந்து சடசடத்தது. கைதட்ட வேண்டிய நேரம். யாரும் தட்டவில்லை. பெண்கள் ஏறிப் போகிற மட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் பஞ்சம்மாள். கேட்ட பிறகு சொர்ணலதாவைப் பார்க்க முடியாமல் குனிந்து மட்டையை அள்ளினாள்.

"இம்புட்டுத்தான்க்கா," என்றாள் சொர்ணலதா.

வெயில் ஏறிய பிறகு தேவயானி வந்தாள். தோட்டத்தில் பாதி வேலையில் எழுந்து வந்திருக்க வேண்டும், கையில் திராட்சைச் சாற்றுக் கறை இருந்தது. நேராக நாற்காலிக்கு வந்தாள்.

"எந்திரி."

"செத்த இருக்கா. பெல்ட்டு ஓடுது."

"எந்திரிங்கிறேன். எட்டரைப் பஸ்ஸு போயிருச்சு, அடுத்த பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் கம்பம் போறோம்."

"நீ போறதுன்னாப் போக்கா. நான் ஒன்னைய ஒண்ணும் சொல்லல." சொர்ணலதா அவளைப் பார்க்கவில்லை. கூண்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயும் ஒண்ணும் சொல்லல. அது எனக்கு வாயில வந்துச்சு, அம்புட்டுத்தான். நீ அதையே கட்டிக்கிட்டு அழுற. அழுகவும் மாட்டேங்கிற."

தேவயானி ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் கூண்டுக்குள் நார் சேரத் தொடங்கியிருந்தது. பைப்பைத் தாண்டி ஓரமாக ஒரு கொத்து, தண்டோடு சேர்ந்து சுற்றியது. பஞ்சம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் கை, பல வருசம் செய்ததை அதுவாகவே செய்வதுபோல, சின்னக் கதவின் கொண்டியைத் தூக்கியது. தேவயானி கத்த வாயைத் திறந்தாள்.

பெல்ட் நின்றது. சரிவு முழுக்க மட்டையோடு நின்றது.

"யாரு நிறுத்துனது?" என்று மேலே சூரியபிரகாஷ் பக்கத்தில் நின்ற முதலாளி குரல் கொடுத்தார். வழக்கமாக அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வரும்.

"நாந்தான்," என்றாள் சொர்ணலதா. "நார எடுங்க."

பஞ்சம்மாள் கொண்டியில் வைத்த கையோடு நின்றாள். தேவயானி துணிப்பையைத் தரையில் வைத்துவிட்டுப் போய் அவளை விலக்கினாள். கதவைத் திறந்து, பழம் வெட்டும் கத்தியால் நாரைக் குறுக்கே அறுத்து, கொத்தாக உருவி வெளியே போட்டாள். இன்னும் இரண்டு இழை ஒட்டியிருந்தது. அதையும் விரலை விட்டுச் சுரண்டி எடுத்தாள். கதவை மூடிக் கொண்டியைப் போட்டாள்.

"ஆச்சு," என்றாள்.

சொர்ணலதா பித்தானைத் தொடவில்லை.

"எல்லாரும் கையக் காட்டுங்க."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலாளி, "அட, ஓட்டும்மா, மெஷினு காலியா ஓடுது," என்று மேலேயிருந்து கத்தினார். சூரியபிரகாஷ் அவர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். கீழே கேட்கவில்லை. அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். பஞ்சம்மாள் முதலில் கைகளைத் தூக்கினாள். பிறகு அடுத்தவள், அதற்கடுத்தவள். தூள் அப்பிய கைகள் பெல்ட்டின் இரண்டு பக்கமும் தலைக்கு மேலே நின்றன.

"யக்கா, நீயும்."

தேவயானி கத்தியைக் கீழே போட்டாள். இரண்டு கைகளையும் தூக்கினாள். விரல்களில் நார் சுற்றியிருந்தது.

சொர்ணலதா அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. பிறகு பச்சையை அமுக்கினாள். பெல்ட் கிளம்பி, மட்டைகள் மேலே போகத் தொடங்கின. மற்றவர்கள் குனிந்து வேலையைப் பார்த்தார்கள். தேவயானி மட்டும் தூக்கிய கைகளை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.